உதவி: குரல் போகப் போகப் பின்னால் இழுக்கிறது, நாளை காலை மிக்ஸ் கொடுக்கணும்

நள்ளிரவு மிக்ஸ்:
வணக்கம், அவசரம். ஒரு பாட்டு மிக்ஸ் செய்துகொண்டிருக்கிறேன். பாடகி வீட்டிலேயே பதிவு செய்து குரலை அனுப்பியிருக்கிறார். பல்லவியில் சரியாக உட்காருகிறது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாளத்துக்குப் பின்னால் போய், கடைசி சரணத்தில் கேட்கச் சகிக்கவில்லை. வரி வரியாக வெட்டி நகர்த்த நேரமில்லை. நாளை காலை இயக்குநருக்குக் கொடுக்க வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

ஒலிக்கம்பி:
சாம்பிள் ரேட், அதாவது ஒலியை செகண்டுக்கு எத்தனை முறை அளந்து பதிகிறோம் என்பது. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவர் 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்திருப்பார், உங்கள் ப்ராஜெக்ட் 48-ல் இருக்கும். மாற்றிப் போடுங்கள், முடிந்தது.

சின்ன ஸ்டுடியோ:
புளூடூத் ஹெட்போனில் கேட்டுப் பாடியிருப்பாரோ? என்னிடம் வருகிற பாதிப் பேர் அப்படித்தான் பாடுகிறார்கள்.

தாளக்கட்டு:
புளூடூத் என்றால் முதல் வரியிலிருந்தே தாமதம் இருக்கும், ஏறக்குறைய ஒரே அளவில். இங்கே பல்லவி சரியாக இருக்கிறதே.

நள்ளிரவு, விவரம் போதவில்லை. எந்த சாப்ட்வேர்? பாட்டு எத்தனை நிமிடம்? கடைசியில் எவ்வளவு பின்னால்? குரலின் சுருதி வாத்தியத்தோடு சேருகிறதா? முக்கியமாக, அவர் எதைக் கேட்டுக்கொண்டு பாடினார்?

பழைய டேப்:
இதே கேள்வி இங்கே மாதம் ஒருமுறை வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. தம்பி, இரண்டு சாதனம் என்றால் இரண்டு கடிகாரம். அவருடைய இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) பதிவு வேகத்தை நடத்தும் கடிகாரம் வேறு, இசையமைப்பாளருடையது வேறு. விலகத்தான் செய்யும். டேப்பில் வேலை பார்த்தவர்களுக்கு இதெல்லாம் பாலபாடம். இப்போது லேப்டாப் வாங்கியவுடன் எல்லோரும் எஞ்சினியர்.

நள்ளிரவு மிக்ஸ்:
ரீப்பர். எல்லா ஃபைலும் 48, 24 பிட், வேவ். நாலரை நிமிடம். கடைசியில் கால் செகண்ட் இருக்கும். சுருதி சரியாகத்தான் இருக்கிறது.

ஒலிக்கம்பி:
48 என்று ஃபைல் சொன்னால் நம்பிவிடுவதா? உள்ளே இருப்பது 44.1 ஆக இருக்கலாம். எனக்கு நடந்திருக்கிறது.

தாளக்கட்டு:
நடக்கும்தான். ஆனால் அந்தத் தப்பு கிட்டத்தட்ட 9 சதவீதம். நாலரை நிமிடப் பாட்டில் 20 செகண்டுக்கு மேல் விலகும், சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் (கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளி) மாறும். முதல் வரியிலேயே காது சொல்லிவிடும். கால் செகண்ட் அந்தக் கணக்கில் வராது.

பழைய டேப் ஐயா, உங்கள் கடிகாரக் கணக்கும் இடிக்கிறது. சாதாரண இன்டர்ஃபேஸிலேயே பிழை பத்து லட்சத்தில் சில பத்துகள்தான் இருக்கும். தாராளமாக நூறு என்று வைத்தாலும் 270 செகண்டுக்கு 27 மில்லிசெகண்ட். இங்கே அதைப்போல ஒன்பது, பத்து மடங்கு.

பழைய டேப்:
மலிவான பெட்டிகளின் கடிகாரத்தை நீங்கள் அளந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் இருப்பதெல்லாம் அறைக்குள் நடப்பதில்லை.

ஃபேடர் கை:
எனக்கு ஒரே கேள்வி. இதை நீங்கள் ஏன் சரிசெய்ய வேண்டும்? மிக்ஸ் வேலைக்குத்தானே பேசினீர்கள்? எடிட்டிங் தனி, அதற்குத் தனிக் காசு. ஃபைல் வந்தவுடன் தலை முதல் கால் வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, குறை இருந்தால் அன்றைக்கே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். மிக்ஸைக் கொடுக்கிற முந்தின ராத்திரி பார்த்தால் அது நம் தலையில்தான் விடியும்.

சின்ன ஸ்டுடியோ:
சொல்வது சுலபம். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் ‘இதற்குத் தனிக் காசு’ என்று ஆரம்பித்தால் அடுத்த பாட்டு வேறு ஆளிடம் போய்விடும். முதல் சில வேலைகளில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் பேர் எடுக்க வேண்டும்.

ஃபேடர் கை:
அப்படி எடுக்கிற பேர் ‘சும்மா செய்துகொடுப்பான்’ என்பதுதான். பாதித் தொகை முன்பணம், இரண்டு சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் தனிக்கணக்கு. இதை வேலை தொடங்கும்போதே ஒரு மெயிலில் போட்டுவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மீதிப் பணம் வரும்வரை தனித்தனி ட்ராக்குகளையும் நான் கொடுப்பதில்லை.

சின்ன ஸ்டுடியோ:
ட்ராக்குகளைப் பிடித்துவைத்துப் பணம் வாங்குவது மிரட்டல் மாதிரி இருக்கிறது.

ஃபேடர் கை:
முன்கூட்டியே சொல்லி வைத்தால் அது நிபந்தனை, சொல்லாமல் செய்தால்தான் மிரட்டல். பணம் வராமல் அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பழைய டேப்:
இழை எங்கேயோ போகிறது. மறுபடி பாடச் சொல்லுங்கள். நல்ல டேக் எடுத்தால் எடிட்டே தேவையில்லை.

தாளக்கட்டு:
காசுப் பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். நள்ளிரவு, மூன்று இடத்தில் அளந்து சொல்லுங்கள்: தொடக்கம், நடு, கடைசி. எல்லா இடத்திலும் ஒரே அளவு என்றால் அது தாமதம், மொத்தமாக நகர்த்தினால் போதும். ஒரு இடத்தில் திடீரென்று குதித்தால் பதிவில் எங்கோ அறுந்திருக்கிறது. சீராக ஏறினால் வேகம் மாறியிருக்கிறது. பாடகி தாளம் தப்பியிருந்தால் முன்னும் பின்னுமாக இருக்குமே தவிர நேர்கோடாக வராது.

நள்ளிரவு மிக்ஸ்:
தொடக்கம் 0. இரண்டேகால் நிமிடத்தில் சுமார் 135. கடைசியில் 270 மில்லிசெகண்ட்.

தாளக்கட்டு:
270 செகண்டுக்கு 270 மில்லிசெகண்ட். அச்சாக ஆயிரத்தில் ஒன்று. இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று வீடியோ எடிட் செய்கிறவர்களுக்குத் தெரியும். இயக்குநர் என்று முதலில் சொன்னீர்களே, படம் இருக்கிறதா? பாடகிக்குப் போனது இசையமைப்பாளரின் வேவ் ஃபைலா, படத்தோடு சேர்ந்த வீடியோவா?

செகண்டுக்கு 24 ஃப்ரேமில் எடிட் செய்த படத்தை 23.976 ஆக வேகம் குறைத்து வெளியே எடுத்தால் ஒலியும் கூடவே ஆயிரத்தில் ஒரு பங்கு மெதுவாகும். சுருதியும் இறங்கும், ஆனால் ஒரு செமிடோனை நூறாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்குகூட இல்லை. அதனால்தான் காதுக்கு எட்டவில்லை.

அப்படியென்றால் குரல் ஐட்டத்தின் ப்ளேபேக் ரேட்டை 1.001 ஆக்குங்கள். சுருதியைக் காப்பாற்றும் டிக்கை எடுத்துவிடுங்கள். அவர் இறங்கின சுருதிக்குத்தானே பாடினார், வேகம் ஏறும்போது சுருதியும் சேர்ந்து ஏறி இடத்துக்கு வந்துவிடும். சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் மாற்றும் டைம் ஸ்ட்ரெட்ச் போட்டுக் குரலைக் குழைக்க வேண்டியதில்லை. டபுள் (அதே வரியை மறுபடி பாடியது), ஹார்மனி என்று அவர் பாடி அனுப்பிய எல்லாவற்றுக்கும், வெட்டுவதற்கு முன்பே செய்யுங்கள்.

நள்ளிரவு மிக்ஸ்:
வீடியோதான். எடிட்டர் அனுப்பியதைப் பார்த்துப் பாடினாராம். 1.001 போட்டேன், உட்கார்ந்துவிட்டது! நன்றி அண்ணா. மிக்ஸுக்குப் போகிறேன்.

பழைய டேப்:
ஆக, இரண்டு கடிகாரம்தான். நான் சொன்னதும் அதுதான்.

ஒலிக்கம்பி:
நான் சொன்னதும் ஒருவகையில் ரேட்தான் :)

தாளக்கட்டு:
நள்ளிரவு, போவதற்கு முன் ஒன்று. இப்போது குரலும் வாத்தியமும் பழைய வேகத்தில் சேர்ந்துவிட்டன. ஆனால் கடைசிப் படம் 23.976-ல்தான் இருக்குமென்றால், உங்கள் மிக்ஸை அதில் அப்படியே வைத்தால் பாட்டு முடிவில் உதடு கால் செகண்ட் பின்தங்கும். எடிட்டரிடம் எந்த ஃப்ரேம் ரேட் என்று கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் முடிந்த மிக்ஸையே அதே அளவு மெதுவாக்கிப் படத்துக்குத் தனியாக ஒரு ஃபைல் கொடுங்கள். ஆடியோ வெளியீட்டுக்கு இது அப்படியே இருக்கட்டும்.

தாளக்கட்டு:
நள்ளிரவு? பார்த்தீர்களா?

ஃபேடர் கை:
ஃபைலை அனுப்பிவிட்டுத் தூங்கப் போயிருப்பார். அந்த இரண்டாவது ஃபைலுக்கும் தனிக் காசு கேட்கச் சொல்லுங்கள்.