பணக்காரப் பக்கம், ஏழைப் பக்கம்: கேஎல்லிலும் (கோலாலம்பூர்) பினாங்கிலும் நீங்க நேர்ல பார்த்ததைச் சொல்லுங்க

செந்தூல்காரன்:
கேஎல் பந்தாய் டாலாம் பக்கம் ஒரு பிபிஆர், அதான் ஏழைங்களுக்கு அரசாங்கம் வாடகைக்கு விடுற அடுக்குமாடி. எந்த பிளாக்னு வேணாம். நான் சாப்பாடு டெலிவரி ஓட்டுறவன். மதியம் பன்னெண்டரை, ரெண்டு லிஃப்ட்டும் படுத்துக்கிச்சு. பிபிஆர் லிஃப்ட் அடிக்கடி கெட்டுப்போறது இங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கஞ்சிப் பொட்டலத்தோட படியேறுறேன், மேலேர்ந்து ஒரே சத்தம். நாலு பேரு ஒரு பெரியவரை பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார வச்சுத் தூக்கிட்டு இறங்குறாங்க. கிட்னி டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போற வேன் கீழ காத்திட்டிருக்கு. ஒரு மலாய்ப் பையன், ரெண்டு நம்ம தமிழ்ப் பசங்க, இன்னொருத்தன் பர்மாக்காரனா இருக்கணும். பத்தாவது மாடித் திருப்பத்துல நம்ம பையன் ஒருத்தனுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. பொட்டலத்தைச் சுவர்மேல வச்சிட்டு நாற்காலிக் கால் ஒண்ணை நான் பிடிச்சேன்.

பெரியவர் என்னைப் பார்த்து, "நேத்து கொஞ்சம் தண்ணி கூடக் குடிச்சிட்டேன் தம்பி, அதான் கனமா இருக்கேன்"னு மன்னிப்புக் கேட்கிறாரு. டயாலிசிஸ் செய்றவங்க தண்ணியை அளந்துதான் குடிக்கணும்.

படிக்கட்டு இடுக்குல பார்த்தா பங்சார் சவுத் ஆபீஸ் கண்ணாடிக் கட்டடம் எல்லாம் தெரியுது. அங்கயும் நான்தான் டெலிவரி. ஒரு லிஃப்ட்டை விட்டா உடனே அடுத்தது வந்துடும். கஞ்சி லேட்டுன்னு அந்தக் கஸ்டமர் ஒரே ஒரு ஸ்டார் போட்டாங்க, அது போகட்டும். "கூடக் குடிச்சிட்டேன்"னு அவர் சொன்னதுதான் இன்னும் உறுத்துது.

கணக்கப்பிள்ளை:
வருத்தமான விஷயம்தான் தம்பி. ஆனா ஒரு பக்கத்தை மட்டும் சொல்லக்கூடாது. கேஎல் பிபிஆர் வாடகை மாசம் 124 வெள்ளி (ரிங்கிட்). மூணு அறை. அந்தக் காசுக்கு வெளியில ஒரு ரூம்கூடக் கிடைக்காது. எங்க ஆபீஸ் டிரைவர் வீட்டுக்கு தீபாவளிக்குப் போனேன், பிபிஆர்தான், கீழ புது அல்சா கார் நிக்குது. நான் பார்த்தது அவ்வளவுதான்.

இங்க சாப்பாடு ஓட்டுற தம்பிங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். உங்களுக்கு முதலாளி இல்ல, இபிஎஃப், அதான் ஓய்வுக்காலச் சேமிப்பு, யாரும் பிடிக்க மாட்டாங்க, நீங்களாத்தான் போடணும். ஐ-சாரான்னு ஒரு திட்டம் இருக்கு. நீங்க போடுறதுக்கு மேல 20 சதவீதம், வருஷத்துக்கு 500 வெள்ளி வரைக்கும் அரசாங்கம் சேர்த்துப் போடும். அப்படின்னா 2,500 வெள்ளி போட்டா முழுசா கிடைக்கும். மொத்தமாப் போட வேணாம், கையில இருக்கிறப்ப அம்பது நூறா போட்டுக்கலாம். சொந்தத் தொழில் செய்றவங்களுக்கு சொக்சோ காப்புறுதியும் இருக்கு, ரோட்டுல விழுந்தா அதுதான் கை கொடுக்கும். எங்க மச்சான் பையன் சொன்னா கேட்கவே இல்ல, இப்ப முட்டி உடைஞ்சு வீட்டுல கிடக்கிறான். வாரக் கடைசியில சம்பாத்தியத்தைப் பிரிச்சு வைங்க. பெட்ரோல் தனி, ரிப்பேர் தனி. மோட்டார் டயரைத் தேயத் தேய ஓட்டாதீங்க. அப்புறம், வெளியில குடிக்கிற தே தாரிக் டீக்கு எவ்வளவு போகுதுன்னு ஒரு மாசம் எழுதிப் பாருங்க.

பிறைப்பொண்ணு:
டயர் பத்தி யாரும் கேட்கல அண்ணே 😄

நான் பினாங்கு, அதுவும் தீவு இல்ல, பெருநிலப் பக்கம், பிறை. வேலை தீவுல, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில ஆபரேட்டர். தினமும் பாலம் தாண்டிப் போகணும். எங்க லைன் லீடர் அக்கா தீவுப் பக்கம் ஜெலுத்தோங் கடலோரமா கொண்டோ வாங்கி, வீடு குடி போறதுக்கு எங்களையும் கூப்பிட்டாங்க. நல்ல மனசு. ராத்திரி பால்கனிக்குக் கூட்டிட்டுப் போய், "வீட்டு விலையில பாதி இந்த வியூவுக்குத்தான்"னு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த விளக்கையெல்லாம் காட்டினாங்க. பாலம், கிரேன், ஃபேக்டரிப் புகைக்குழாய், அதுக்கும் இந்தப் பக்கம் வரிசையா ஃபிளாட். அது எங்க பிறை! எங்க பிளாக்கே தெரியுது. அம்மா சமையல்கட்டு லைட்டைப் போட்டு வச்சிருப்பாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "அக்கா, எங்க வீட்டுக்கு வாங்க, அங்கேர்ந்து உங்க கொண்டோ ஃப்ரீயாவே தெரியும்"னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அந்த அக்கா மட்டும் சிரிக்கல. அதுக்கப்புறம் லைன்ல என்கிட்ட ரொம்ப மரியாதையாப் பேசுறாங்க. அதுதான் புடிக்கல.

தோட்டத்துப்பேரன்:
கணக்கப்பிள்ளை, அல்சா மாசத் தவணையில ஓடுற வண்டி. அவர் வேலையே டிரைவர். கீழ வண்டி நின்னா மேல பஞ்சமே இல்லன்னு ஆயிடுமா?

உங்க கணக்கு வழியிலேயே வர்றேன். 2022ல கேஎல் குடும்பங்களை வருமானப்படி வரிசையா நிக்க வச்சா, நடுவுல நிக்கிற குடும்பத்துக்கு மாசம் 10,234 வெள்ளி. நாடு முழுக்கப் பார்த்தா 6,338. கிளந்தான்ல 3,614தான். இதைப் பார்க்கிறவன் கேஎல்ல கஷ்டமே இல்லன்னுதான் சொல்லுவான். வறுமைக்கோடே ஒரு குடும்பத்துக்கு மாசம் 980 வெள்ளின்னு வச்சிருந்தாங்க, அதுல 2016ல நாடு முழுக்க 0.4 சதவீதம்தான் ஏழை. 2019ல ஐ.நா.வோட வறுமை நிபுணர் பிலிப் ஆல்ஸ்டன் வந்து, இந்தக் கணக்கு செல்லாதுன்னு சொல்லிட்டுப் போனாரு. 2020ல கோட்டை 2,208 ஆக்கினாங்க, 2019க்கான கணக்கு 5.6 சதவீதம் ஆச்சு. ஏழைங்க திடீர்னு கூடிடல. கோடுதான் நகர்ந்துச்சு.

என் அனுபவம் சின்னது. புக்கிட் ஜாலில் ஸ்டேடியம், 1998 காமன்வெல்த் கேம்ஸுக்குக் கட்டினது. அந்தப் பக்கம் எல்லாம் முன்ன ரப்பர் தோட்டம். தாத்தாவை ஃபுட்பால் பார்க்கக் கூட்டிட்டுப் போனேன். அவர் ஆட்டத்தைப் பார்க்கல. கார் பார்க்குல நின்னு, பழைய தோட்டத்துக் கோயில் எந்தப் பக்கம் இருந்திருக்கும்னு சூரியனை வச்சுக் கணக்குப் போட்டுட்டிருந்தாரு. பாதி ஆட்டம் போச்சு, நானும் வெளியிலேயே நின்னேன்.

கவுன்ட்டர்_கலா:
செந்தூல்ல ஒரு மினி மார்க்கெட்ல கேஷியர். சாரா, அதான் மளிகைக்கு அரசாங்கம் தர்ற 100 வெள்ளி உதவி, மைகார்டு அடையாள அட்டையில வந்த புதுசுல எங்க கடை என்ன பாடுபட்டுச்சுன்னு கேஷியரா இருந்தவங்களுக்குத்தான் தெரியும். வரிசையில அடிச்சிக்குவாங்க, சிஸ்டம் நின்னுடும். ஒரு பாட்டி அரிசி, முட்டை, சோப்பு, கூடவே சூடம் ஒரு டப்பா. சாராவுல வாங்கக்கூடிய சாமான் பட்டியல்ல சூடம் இல்ல, மெஷின் எடுக்கல. பாட்டி பர்ஸைத் திறந்து சில்லறை எண்ணுறாங்க, பத்தல. பின்னால நின்னவர், நல்ல சட்டை, கார் சாவி கையில, "நான் கட்டிடுறேன் பாட்டி"ன்னாரு. பாட்டி திரும்பி மேலயும் கீழயும் பார்த்துட்டு, "என் வேண்டுதலுக்கு உன் காசுல சூடம் ஏத்தினா, பலன் யாருக்குப்பா போகும்?"னு கேட்டாங்க. டப்பாவை எடுத்துட்டுப் போய் அதே ஷெல்ஃப்ல வச்சிட்டு வந்தாங்க. அரிசிக்கு அரசாங்கக் காசு, அதுல அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. சூடம்னா மட்டும் சொந்தக் காசு. எனக்கு இன்னும் அது முழுசாப் புரியல, ஆனா அந்த ஆளு முகம் போன போக்கு!

கணக்கப்பிள்ளை:
தோட்டத்துப்பேரன், கேஎல்ல பஞ்சமே இல்லன்னு நான் எங்கேயும் சொல்லல. கலா, அந்தப் பாட்டிக்கு எஸ்டிஆர், அதான் அரசாங்க ரொக்க உதவி, வருதான்னு கேட்டுப் பாருங்க. தனியா இருக்கிற வயசானவங்களுக்கு அதுவும் உண்டு, பேரு இல்லன்னா பதிஞ்சுக்கணும்.

கவுன்ட்டர்_கலா:
கேட்டேன் அண்ணே. மகன் பதிஞ்சு, மகன்தான் எடுக்கிறாராம்.

செந்தூல்காரன்:
ஐ-சாரானுக்குப் போன்லயே பதியலாமா, கவுன்ட்டருக்குப் போகணுமா? என் போன் ஸ்கிரீன் பாதி வேலை செய்யாது.