லைசோசைம் வகைக்குத் தமிழ்ப் பெயர்: 'சுவரரி நொதி' சரியாக வருமா?

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

'ஈஸ்ட் நொதித்தல் மூலம் நுண்ணுயிர்க்கொல்லி நொதிகள் தயாரித்தல்' என்று பாடத்துக்குத் தலைப்பு வைக்கலாமா என்ற பேச்சு இரண்டு நாளாக ஓடுகிறது. எனக்கு அந்தத் தலைப்பு இரண்டு இடங்களில் இடறுகிறது.

முதலில் 'கொல்லி'. நுண்ணுயிர்க்கொல்லி என்றதும் வாசகர் மனத்தில் மருந்துக்கடை மாத்திரைதான் வரும். அதோடு ஈஸ்ட்டும் ஒரு நுண்ணுயிர்தானே? கொல்லியை அதுவே தயாரித்தால் அது சாகாதா என்று வகுப்பில் ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்விக்கான பதிலில்தான் நமக்கு வேண்டிய சொல்லும் இருக்கிறது.

லைசோசைம் என்ற நொதியையே (என்சைமையே) எடுத்துக்கொள்வோம். 1922-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெயரிட்டு அறிவித்தது. கண்ணீரில், எச்சிலில், தாய்ப்பாலில் இருக்கிறது. கோழிமுட்டை வெள்ளைக்கருவிலும் நிறைய உண்டு. பாக்டீரியாவின் செல்சுவர், இரண்டு வகைச் சர்க்கரையை மாறி மாறிக் கோத்த சரங்களால் ஆனது. அந்தக் கோப்பைத்தான் லைசோசைம் வெட்டுகிறது. சுவர் நைந்ததும் உள்ளழுத்தம் தாங்காமல் செல் வெடித்துவிடும். ஈஸ்ட்டின் சுவர் குளுக்கான், மன்னான் போன்ற வேறு சரக்கால் கட்டியது; அங்கே இந்த வெட்டுக்கு வேலை இல்லை. அதனால் லைசோசைமின் மரபணுவை நுழைத்த ஈஸ்ட் இதைச் சுரந்துகொண்டே நிம்மதியாக வளர்கிறது.

மாணவர்களுக்கு இதை நான் செய்தே காட்டுவேன். மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் செல்களைக் கரைசலில் கலக்கினால் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கி இருக்கும். அதில் நீர்த்த வெள்ளைக்கருவைச் சில சொட்டு விட்டுக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொல்வேன். சில நிமிடத்தில் கலங்கல் தெளிந்து, பின்னால் ஒட்டிய தாளின் எழுத்தை வாசிக்க முடியும். அதைப் பார்த்த பிள்ளைக்குக் 'கொல்லி' என்ற சொல் போதவே போதாது.

நண்பர் ஒருவர் 'சுவரறு நொதி' என்றார். நல்ல முயற்சி, ஆனால் தமிழ்க் காதுக்கு அது வேறாகக் கேட்கும். மாசறு பொன் என்றால் மாசு இல்லாத பொன். அதே வழியில் போனால் சுவரறு நொதி, சுவரே இல்லாத நொதி ஆகிவிடுகிறது.

என் முன்மொழிவு 'சுவரரி நொதி'. கீரையை அரிகிறோம்; கறையான் சுவரை அரிக்கிறது. வெட்டுவது, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று நையவைப்பது என இரண்டு பொருளும் 'அரி' என்ற ஒரே வேருக்குள் அடங்கி நிற்கின்றன. இந்த நொதி செய்வதும் அதுதான்.

செல்லுலோஸை உடைக்கும் நொதியும் தாவரச் சுவரை அரிக்கிறதே என்று கேட்பீர்கள். சரி, தேவைப்படும் இடத்தில் 'பாக்டீரியச் சுவரரி நொதி' என்று எழுதலாம். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் எண்டோலைசின்களும் ஸ்டாஃபைலோகாக்கஸ் சுவரைக் குறிவைக்கும் லைசோஸ்டாஃபினும் இந்தக் குடும்பத்துக்குள்ளேயே வரும். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் வராது. அது ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கித்தான் பாக்டீரியாவை அடக்குகிறது. எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக 'நுண்ணுயிரெதிர் நொதி' இருக்கட்டும். தனி நொதிகளின் பெயர்களை அப்படியே ஒலிபெயர்த்துவிடலாம்.

அடுத்தது 'நொதித்தல்'. எனக்கு இதில்தான் அதிக வருத்தம். 1877-இல் வில்ஹெல்ம் கூனே 'என்சைம்' என்ற சொல்லை உருவாக்கியபோது 'ஈஸ்ட்டுக்குள்' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்துதான் எடுத்தார். நாமும் நொதித்தலிலிருந்து நொதியை எடுத்தோம். ஆனால் 'நொதித்தல் மூலம் நொதி' என்று எழுதினால் வாசகர் இட்லிமாவுப் பானையை நினைப்பார், அல்லது சாராய ஊறலை. இங்கே நடப்பது அது இல்லை. இந்த வேலைக்குப் பெரிதும் பயன்படுகிற பிக்கியா ஈஸ்ட், இன்றைய பெயரில் கோமகடேல்லா, காற்று தாராளமாகக் கிடைத்தால் சாராயமாக்காமல் சர்க்கரையை எரித்து உடம்பை வளர்த்துக்கொள்ளும் சாதி. வளர்ப்புக் கலனான உருளைக்குள் காற்றைச் செலுத்தி அடர்த்தியாக வளர்க்கிறார்கள். அப்புறம் மெத்தனால் ஊட்டுகிறார்கள். அந்த மெத்தனால்தான் நுழைத்த மரபணுவை முடுக்கிவிடுகிறது. நொதி வெளியே ஊடகத்தில் சுரக்கிறது. செல்லை உடைக்காமலே வடித்து எடுக்கலாம். லைசோசைமுக்குள் அதன் மடிப்பைப் பிடித்து நிறுத்தும் 4 கந்தகப் பிணைப்புகள் உண்டு. ஈ. கோலி என்ற பாக்டீரியாவில் செய்தால் அவை சரியாக அமையாமல் புரதம் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். ஈஸ்ட்டைத் தேடிப் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

தொழிற்சாலையில் உருளையில் எதை வளர்த்தாலும் ஆங்கிலத்தில் நொதித்தல் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். நாம் ஏன் அந்தப் பழக்கத்தைச் சுமக்க வேண்டும்? 'கலன்வளர்ப்பு' என்று சொல்வோம். தலைப்பு இப்படி ஆகும்: 'ஈஸ்ட் கலன்வளர்ப்பில் சுவரரி நொதி தயாரித்தல்'.

யாழ்ப்பாணத்து ஐயா ஈஸ்ட்டை 'மதுவம்' என்றே எழுதச் சொல்கிறார். இலங்கைப் பிள்ளைகளுக்கு அது பள்ளியிலேயே பழகிய சொல், நொதிக்கு அவர்கள் சொல்லும் 'நொதியம்' போலவே. மதுவைத் தராத ஈஸ்ட்டுக்கு அந்தப் பெயர் கொஞ்சம் உறுத்தினாலும், முதல் இடத்தில் 'ஈஸ்ட் (மதுவம்)' என்று இரண்டையும் கொடுப்பதே மரியாதை என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. 'சுவரரி நொதி' என்று பிரித்து எழுதவா, 'சுவரரிநொதி' என்று சேர்த்தா? சேர்த்தால் அகராதியில் ஒரே சொல்லாகத் தேடலாம். பிரித்தால் புதிதாக வாசிப்பவருக்கு நாக்கு புரளாது. இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கலைச்சொல் பட்டியலில் ஏற்ற வேண்டும்.