பழகுவதற்கு எந்தப் பிலிம் கமரா: பென்டாக்ஸ் கே1000 அல்லது கனன் ஏ.ஈ.-1?

கேட்பவர், காரைதீவு:
வணக்கம். கைத்தொலைபேசியில் மட்டுமே படமெடுத்து வந்த நான், ஒளியைக் கணிக்க முறையாகப் பழகுவதற்காக 35 மி.மீ. பிலிம் கமரா ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. கல்முனையில் ஒருவர் மேற்கூறிய இரண்டையும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வைத்திருக்கிறார். கனன் புதிதுபோல் பளிச்சென்று இருக்கிறது. பென்டாக்ஸின் பின்கதவைத் திறந்தபோதோ தார் போன்ற ஏதோ விரலில் ஒட்டிக்கொண்டது. கனனையே எடுக்கலாமா?

பதில், கல்லடி:
தம்பி, விரலில் ஒட்டியதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். அது கதவு விளிம்பால் ஒளி புகாமல் தடுக்கும் பஞ்சு. பழைய கமராக்களில் அது இளகுவது வழமை, சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம். இரண்டும் 1976இல் வந்தவை என்றாலும், கனனின் சட்டர் (பிலிமில் ஒளி படும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் திரை) மின்னணுவில் இயங்குவதால் அதன் 6 வோல்ற் பற்றரி தீர்ந்தால் ஒரு படமும் எடுக்க முடியாது. பென்டாக்ஸில் ஒளிமானிக்கு மட்டுமே பற்றரி வேண்டும். அது தீர்ந்தாலும் 1 செக்கன் முதல் 1/1000 செக்கன் வரை எல்லா வேகமும் வேலை செய்யும். ஒளிமானியின் முள் நடுவில் நிற்கும்வரை சட்டர் வேகத்தையும், லென்ஸில் ஒளி புகும் துவாரத்தையும் நீங்களே திருப்ப வேண்டியிருப்பதால், பழகுபவருக்கு அதுவே நல்லது. அந்த ஒளிமானியை நிறுத்த ஆளி கிடையாது என்பதால், லென்ஸ் மூடியைப் போட மறக்காதீர்கள்.

நான் அஞ்சுவது லென்ஸைப் பற்றித்தான். துவாரத்தை முழுதாகத் திறந்து, ஒரு பக்கத்தால் ரோச் லைற்றை அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்திவலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். என் முதல் லென்ஸைத் தோலுறையோடு ஒரு மாரி முழுவதும் அலுமாரியில் விட்டேன். தை மாதம் எடுத்தபோது கண்ணாடியின் கால்வாசியை இழைகள் மூடியிருந்தன. வாவிக்கரைக் காற்றில் தோலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துவிடுகிறது. இப்போது இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் இட்டு வைக்கிறேன்.

பதில், ஆரையம்பதி:
பிலிமுக்கும் கழுவுவதற்கும் ஒரு பங்கு பணத்தை ஒதுக்கிவையுங்கள். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். ஆனால் படத்தைத் தோன்றச் செய்யும் டி-76 போன்ற கரைசல்களுக்குச் சொல்லப்படும் நேரம் பெரும்பாலும் 20 பாகை செல்சியசுக்கானது. எங்கள் குழாய்த் தண்ணீரோ பகலில் அதைவிட நன்றாகச் சுடுகிறது. நான் கரைசல் போத்தலை ஐஸ் போட்ட வாளியில் இறக்கி, வெப்பமானி 20ஐக் காட்டிய பிறகே தொடங்குவேன்.

கேட்டவர்:
இன்று போய்ப் பென்டாக்ஸைப் பார்த்தேன். லென்ஸ் சுத்தமாக இருக்கிறது. பின்கதவைத் திறந்துவைத்து வெள்ளைச் சுவரை நோக்கித் தட்டியபோது, 1/1000இல் மட்டும் ஒரு ஓரம் இருளாகத் தெரிகிறது; 1/500இலும் அதற்குக் கீழும் குறையில்லை.

பதில், கல்லடி:
அந்த வேகத்தில் சட்டரின் இரு திரைகளும் சீராக ஓடவில்லை. அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஐ.எஸ்.ஓ. 200 (ஒளியுணர் திறன்) பிலிமுக்கு நல்ல வெயிலில் எஃப் 16 என்ற துவார அளவும் 1/250 வேகமும் போதும், எனவே 1/1000 இல்லாமலே காலம் தள்ளலாம். முதல் றோலுக்கு முன் அந்தப் பஞ்சை மட்டும் மாற்றிவிடுங்கள்.