ஆவணிக் கலியாணம்: மாலைதீவோ, நிலாவெளியோ, நெடுந்தீவோ?

கொக்குவில்_கிளி
வணக்கம். ஆவணி நடுப்பகுதியில கலியாணம். மாப்பிள்ளை கனடாப் பாஸ்போட், பொம்பிளை இலங்கைப் பாஸ்போட். நாலாஞ்சடங்கு முடிய அஞ்சு இரவு கையில இருக்கு. வீட்டில மூண்டு கட்சி. ஒண்டு மாலைதீவில வோட்டர் விலா (கடலுக்கு மேல கட்டின வீடு) எண்டுது, ஒண்டு நிலாவெளி போதும் எண்டுது, பெரியப்பா “நெடுந்தீவும் தீவுதானே” எண்டுறார். படம் வேண்டாம், கணக்கும் காலமும் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வெள்ளைமணல்
மாலைதீவுதான், யோசிக்கத் தேவையில்லை. அங்க ஒரு தீவில ஒரு ரிசோட்தான். புதுசாக் கட்டின சோடிக்கு அந்தத் தனிமை இஞ்ச எந்தக் கரையிலயும் கிடையாது. 1972இல குரும்பாவில தொடங்கினதில இருந்து அவையின்ர முழுத் தொழிலே இதுதான். விசா அங்க இறங்கேக்க இலவசமாக் குத்துவினம், 30 நாள், இலங்கைப் பாஸ்போட்டுக்கும் அதேதான். திரும்புற டிக்கெட்டும் தங்குமிட உறுதியும் கையில இருக்கவேணும். போறதுக்கு முந்தின 96 மணித்தியாலத்துக்குள்ள ‘இமுகா’ படிவத்தை இணையத்தில நிரப்பவேணும். அதுக்குக் காசு இல்லை. காசு கேக்கிற தளம் எல்லாம் ஏமாத்து.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில இருந்து மாலேக்கு ஒண்டரை மணித்தியாலம்தான் பறப்பு. இதைவிடக் கிட்டடியில வேற எங்க இப்பிடிக் கடல் இருக்கு?

சோழகம்
பறப்பு ஒண்டரை மணித்தியாலம், சரி. ஆனா கொக்குவிலில இருந்து கட்டுநாயக்காவுக்கு 350 கிலோமீற்றருக்கு மேல வருமே, அதை ஆர் கணக்கில எடுக்கிறது? பலாலியில இருந்து மாலேக்கு விமானம் இல்லை. இரவு பஸ் எட்டு ஒன்பது மணித்தியாலம். விடியப்பறம் பஸ்ஸால இறங்கி, நேர காலை விமானத்துக்கு ஓடுற திட்டம் போட்டா, புத்தளத்துக்கு அங்கால ஒரு ரயர் வெடிச்சாலே எல்லாம் போச்சு. ஆனபடியால் முதல் நாள் நீர்கொழும்பில ஒரு இரவு. திரும்பி வரேக்க பஸ்ஸில ஒரு இரவு. அஞ்சில மிச்சம் மூண்டு.

அதுக்கும் மேல, ஆவணியில அங்க அடிக்கிறது தென்மேல் காத்து. எங்கட சோழகம், அவையள் ‘ஹுல்ஹங்கு’ எண்டு சொல்லுவினம். வைகாசியில இருந்து ஐப்பசி மட்டும் அதுதான். மார்கழி தொடக்கம் சித்திரை மட்டும் வாற ‘இருவாய்’ காலத்தில எடுத்த படங்களைப் பாத்து ஆவணிக்குக் காசு கட்டுறதுதான் இதில நடக்கிற முதல் பிழை.

வெள்ளைமணல்
அண்ணை, சோழகம் எண்டா நாள் முழுக்க மழை எண்டு நினைக்கப்படாது. கறுத்து வந்து ஒரு மணித்தியாலம் ஊத்திப்போட்டு வெளிச்சிடும். சில வேளை ரெண்டு மூண்டு நாள் விடாம இழுக்கும், அதை மறைக்கேல்லை. அதாலதான் விலையும் இறங்கியிருக்கும்.

அந்தக் காத்தால ஒரு லாபமும் இருக்கு. பா அற்றோலில (பவளத்தீவுக் கூட்டம்) ஹனிபாரு குடாவுக்குள்ள மிதவை உயிரிகள் வந்து தேங்கிறதும், அதைத் தின்ன மன்ரா திருக்கைகள் கூட்டமா வாறதும் ஆனியில இருந்து கார்த்திகை மட்டும்தான். அமாவாசை, பறுவத்தை ஒட்டின நாளில வாய்ப்புக் கூட. அங்க சிலிண்டரோட இறங்க விடமாட்டினம், ஸ்நோர்க்கலிங் மட்டும். உங்கட மார்கழிக்காரர் எவ்வளவு காசு குடுத்தாலும் இதைப் பாக்க ஏலாது.

சோழகம்
மன்ரா சரி, ஒப்புக்கொள்ளுறன். ஆனா இவை கேட்டது வோட்டர் விலா. அதில ஒரு சூட்சுமம் இருக்கு, விக்கிற ஆக்கள் வாய் திறக்கமாட்டினம். சூரியன் மறையிற பக்க விலா எண்டு மேற்குப் பக்கத்துக்குக் கூட விலை போடுவினம். ஆவணியில அலையும் காத்தும் வந்து மோதுறது அந்தப் பக்கம்தான். இரவு முழுக்கப் பலகைக்குக் கீழ தண்ணி தடார் தடார் எண்டு அடிக்கும். படிக்கட்டால இறங்கினா நீரோட்டம் இழுக்கும், தண்ணியும் கலங்கல். கூடக் காசு குடுத்துக் குறைஞ்ச இடம் வாங்கிறது.

சோழகத்தில போறதெண்டா கிழக்குப் பக்க விலா கேக்கவேணும், அது பெரும்பாலும் மலிவும். தீவின்ர படத்தில பவளத்திட்டு எந்தப் பக்கம் கிட்டக் கிடக்கு எண்டும் பாருங்கோ. சில தீவில களப்பு அரைக் கிலோமீற்றர் இடுப்பளவுத் தண்ணி. மீன் பாக்கிறதெண்டா வள்ளத்தில ஏத்திக் கொண்டுபோய் அதுக்கும் வேற காசு.

கணக்குப்பிள்ளை
பக்கம் பிறகு பாப்பம், முதல் காசு. ரிசோட் விலையில இலக்கத்துக்குப் பின்னால ரெண்டு கூட்டல் குறி நிக்கும். அதுக்குள்ளதான் விசயம் இருக்கு.

உதாரணத்துக்கு அறை ஒரு இரவு 300 டொலர் எண்டு வையுங்கோ. சேவைக் கட்டணம் 10 வீதம், அப்ப 330. அந்த 330க்கு மேலதான் சுற்றுலாச் சேவை வரி, 2025 ஆடி முதலாந் திகதியில இருந்து 17 வீதம், அதாவது 56.10. இப்ப 386.10. பேந்து பச்சை வரி, ஆளுக்கு ஒரு இரவுக்கு 12 டொலர், ரெண்டு பேருக்கு 24. மொத்தம் 410.10. அஞ்சு இரவுக்கு 2,050.50. சீபிளேன் (தண்ணியில இறங்கிற சின்ன விமானம்) போய்வர ஆளுக்கு 450 எண்டா 900 கூடும். 2,950.50. ஒரு டொலர் 300 ரூபா எண்டு பிடிச்சாலும் எட்டே முக்கால் லட்சத்துக்கு மேல, கொழும்பு-மாலே டிக்கெட் இன்னும் சேரேல்லை. அந்த டிக்கெட்டுக்குள்ளயும் மாலே வெளியேற்ற வரியும் விமான நிலைய அபிவிருத்திக் கட்டணமும் சாதாரண வகுப்புக்கு 50, 50 டொலர் ஒளிச்சிருக்கு.

காலைச் சாப்பாடு மட்டும் எண்டு அறை எடுக்காதேங்கோ. தீவில வேற கடை இல்லை. பட்டியலில 20 டொலர் எண்டு கிடக்கிற எதுவும் பில்லில 25.74 ஆகும். குறைஞ்சது மூண்டு நேரச் சாப்பாட்டோட எடுக்கவேணும், தண்ணிப்போத்தல் அதுக்குள்ள அடங்குதோ எண்டும் எழுத்தில கேளுங்கோ. இறங்கின உடன கடன் அட்டையில ஒரு தொகையைப் பிடிச்சு வைப்பினம், டெபிற் அட்டையெண்டா அந்தக் காசு திரும்பி வரக் கிழமைக்கணக்கு எடுக்கலாம்.

திருநெல்வேலி_மகள்
அண்ணைமார் எல்லாரும் ரிசோட்டையே பிடிச்சுத் தொங்கிறியள். சனம் இருக்கிற தீவுகளில கெஸ்ட் ஹவுஸ் இருக்கு: மாபுஷி, திகுரா, துலுஸ்தூ. 50 அறைக்குக் குறைஞ்ச இடத்தில பச்சை வரி பாதி, 6 டொலர். கணக்குப்பிள்ளை அண்ணையின்ர வாய்ப்பாட்டிலேயே 80 டொலர் அறையைப் போட்டுப் பாருங்கோ: 102.96உம் 12உம், 114.96. அஞ்சு இரவுக்கு 574.80. மாபுஷிக்கு ஸ்பீட் போட் அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. அரசாங்கப் படகு இன்னும் மலிவு, ஆனா வெள்ளிக்கிழமையில நம்பிப் போகாதேங்கோ. ஒரு நாள் மட்டும் ரிசோட்டுக்குப் பகல் அனுமதி எடுத்துப் போய்வரலாம்.

ஹனிபாரு பாக்கவேணுமெண்டா தரவந்தூ. அதே தீவில விமான ஓடுபாதை இருக்கு, மாலேயில இருந்து இருபது நிமிசம். சீபிளேன் தேவையில்லை.

வெள்ளைமணல்
தங்கச்சி, கணக்குச் சரி, ஆனா ஊர்த்தீவு எண்டா ஊர்க்கட்டுப்பாடு. நீச்சல் உடுப்போட குளிக்கத் தடுப்புப் போட்ட ஒரு துண்டுக் கரைதான். மது முழுத்தடை. அஞ்சு நேரம் பாங்கு கேக்கும். தேனிலவுக்குப் போறவைக்கு இது வேற அனுபவம், ரிசோட்டுக்கு மாத்தீடு இல்லை.

திருநெல்வேலி_மகள்
பாங்கு கேட்டால் என்ன, நல்லூரடியில நேரத்துக்கு நேரம் மணி கேக்கிறதுதானே. காலமை தேங்காய்ப்பூவும் சூரையும் வெங்காயமும் பிசைஞ்ச ‘மஸ் ஹுனி’யை ரொட்டியோட தருவினம், எங்கட மாசிச் சம்பலுக்கு ஒண்டுவிட்ட சகோதரம்.

நயினாதீவான்
எட்டே முக்கால் லட்சம்! குறிகட்டுவானில படகு ஏறினா ஒரு மணித்தியாலத்தில நெடுந்தீவு. முருகைக்கல் வேலி, குதிரைக் கூட்டம், பெருக்கமரம், சனமில்லாத வெள்ளைக்கரை. இதைவிட என்ன தீவு?

சோழகம்
நயினாதீவார், உங்களுக்குச் சொல்லித் தாறதுக்கில்லை, ஆனா ஆவணியிலயா? அந்தக் கடல் ஆழமில்லை. சோழகம் பிடிச்சா அலை உயராது, கிட்டக்கிட்டக் குத்தும், வள்ளம் ஆட்டின ஆட்டில புதுப்பொம்பிளை வாந்தி எடுத்தே முடிஞ்சிடும். காத்துக் கூடினா படகை நிப்பாட்டுவினம். தீவு காய்ஞ்சு கிடக்கும், குதிரைக்கே தண்ணி தட்டுப்பாடான காலம். நெடுந்தீவு பாக்கிறதெண்டா மாரி ஓய்ஞ்ச பிறகு, தை முடிவில இருந்து பங்குனி மட்டும். தங்க இடமும் விரல் விட்டு எண்ணலாம், முதலே கதைச்சு வைக்காமப் போனா பின்னேரப் படகில திரும்பத்தான் வேணும். தேனிலவுக்கில்லை, ஒரு நாள் பயணத்துக்கு நல்லது.

காரைநகர் கசூரினா வேற கதை. அது வடக்குப் பாத்த கரை, சோழகத்தில கடல் படுத்திருக்கும். குளிக்கலாம், ஆனா ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணம் முழுக்க அங்கதான் நிக்கும்.

நயினாதீவான்
படகு ஆடும் எண்டதை மறுக்கேல்லை. அதுக்காக ஆறு மாசம் தள்ளிவைக்கிற கலியாணமும் இருக்கே.

முருகைக்கல்
ஒருத்தரும் நிலாவெளியைச் சரியா எடுக்கேல்லை. இஞ்ச மேற்கில சோழகம் எண்டா, அங்க அதே காத்து தரையால வாற கச்சான். காத்து கரையில இருந்து கடலுக்குப் போறதால கடல் குளம்மாதிரிக் கிடக்கும். சித்திரைக்குப் பிறகு புரட்டாதி மட்டும் அதுதான் பருவம், ஐப்பசியோட முடிஞ்சுது. ஆவணிக் கலியாணத்துக்குக் காலம் பொருந்திற ஒரே கரை. வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியா வாகனத்தில காலமை வெளிக்கிட்டா பின்னேரம் கடலுக்குள்ள நிக்கலாம். அஞ்சு இரவும் அஞ்சு இரவாவே இருக்கும்.

புறாமலை எண்ட பவளத்தீவு கரையில இருந்து ஒரு கிலோமீற்றர்தான், 2003இல தேசியப் பூங்கா ஆக்கினது. வெள்ளி, சனி, ஞாயிறைத் தவிருங்கோ. முதல் வள்ளத்தில போங்கோ, பத்து மணிக்குப் பிறகு சனம் பவளத்துக்கு மேல ஏறி நிண்டு தண்ணியைக் கலக்கிப்போடும். நுழைவுச்சீட்டு, சேவைக் கட்டணம், வள்ளம் எல்லாம் வேற வேற. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுக் கட்டணம், அது பல மடங்கு. இரட்டைக் குடியுரிமை இருந்தா அடையாள அட்டையைக் கொண்டுபோகச் சொல்லுங்கோ.

வெள்ளைமணல்
கடல் சரி. அறை? அந்தப் பக்கம் ஆவணி உச்சப் பருவம், வெள்ளைக்காரர் நிரம்பி வழியும் நேரம். கரையில வள்ளம், நாய், மாடு. தனிமை எங்க?

முருகைக்கல்
மாடு உண்மைதான். அதுக்கு நிலாவெளிச் சந்திப் பக்கம் எடுக்காம வடக்கால கும்புறுப்பிட்டி, குச்சவெளிப் பக்கம் எடுக்கிறது. படையினர் நடத்திற விடுதியள் மலிவு எண்டு சிலர் சொல்லுவினம். அதில காசு குடுக்கிறதோ இல்லையோ எண்டது அவரவர் மனச்சாட்சி. நான் இதில விவாதிக்க வரேல்லை.

கொக்குவில்_கிளி
நன்றி. வீட்டில இன்னும் மாலைதீவுக் கட்சிதான் பலம். அப்பிடியெண்டா எதில பிழை வரும்?

வெள்ளைமணல்
முதலாவது நேரம். சீபிளேன் பகல் வெளிச்சத்தில மட்டும்தான் பறக்கும். பின்னேரம் மூண்டரைக்குப் பிறகு மாலேயில இறங்கினா அண்டைக்குத் தொடர்பு கிடைக்கிறது சந்தேகம், மாலேக்குப் பக்கத்து ஹுல்ஹுமாலேயில ஒரு இரவு வீணாப் போகும். காலமை விமானம் எடுங்கோ, இல்லாட்டி ஸ்பீட் போட்டால போகக்கூடிய மாலே அற்றோல் ரிசோட் எடுங்கோ. சீபிளேனில பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ, மிச்சத்துக்குக் காசு. கூறைச்சேலை எல்லாத்தையும் கட்டிக்கொண்டு போகாதேங்கோ.

மாலே நேரம் எங்களைவிட அரை மணித்தியாலம் பிந்தினது. சில ரிசோட் தன்ர மணிக்கூட்டை மாலேயைவிட ஒரு மணித்தியாலம் முந்தி வைச்சிருக்கும். திரும்பிற நாளில எந்த நேரத்தைச் சொல்லுகினம் எண்டு கேட்டு எழுதி வையுங்கோ.

தேனிலவுச் சலுகை கேட்டா கலியாணப் பதிவுச் சான்றிதழ் காட்டவேணும். சில இடத்தில ஆறு மாசத்துக்குள்ள, சில இடத்தில ஒரு வருசத்துக்குள்ள எண்டு நிபந்தனை. எங்கட ஆக்கள் விசா அலுவலுக்காக எழுத்தை (பதிவை) முதலே முடிச்சுப்போட்டுக் கோயில் கலியாணத்தைப் பேந்து வைக்கிறது வழமை. அவை பாக்கிறது எழுத்துத் திகதியை, தாலி கட்டின திகதியை இல்லை. சான்றிதழ் தமிழில எண்டா ஆங்கில மொழிபெயர்ப்பும் எடுங்கோ.

சோழகம்
இதில ஒரு சொல்லும் பிழையில்லை. கூட ரெண்டு. வழிபாட்டுச் சிலை அங்க கொண்டுபோகத் தடை, அம்மாமார் பெட்டிக்குள்ள சின்னப் பிள்ளையாரைச் செருகாம ஒருக்காப் பாருங்கோ. மதுவும் பன்றி இறைச்சியும் அப்பிடித்தான், கட்டுநாயக்காவில தீர்வையில்லாக் கடைப் போத்தலை மாலேயில வாங்கி வைச்சிடுவினம். தாலிக்கொடியோட கடலுக்குள்ள இறங்காதேங்கோ, கொக்கி கழண்டா தேட ஏலாது. அறைப் பெட்டகத்தில வையுங்கோ, இல்லாட்டி வீட்டிலேயே விட்டுட்டுப் போங்கோ.

டைவிங் செய்தா கடைசி முங்கலுக்குப் பிறகு 18 மணித்தியாலத்துக்கு விமானம் ஏறப்படாது. சீபிளேனும் விமானம்தான். பெரிய கிளாத்தி மீன் முட்டை காக்கேக்க துரத்திக் கடிக்கும். அது காக்கிற எல்லை கீழ ஒடுங்கி மேல விரியும், ஆனபடியால் மேல எழும்பாதேங்கோ, பக்கவாட்டில நீந்தி விலகுங்கோ.

கணக்குப்பிள்ளை
மாப்பிள்ளையின்ர இலங்கை ஈடிஏ (இணையத்தில எடுக்கிற நுழைவு அனுமதி) ரெண்டு தரம் உள்ள வர விடுற வகையோ எண்டு பாருங்கோ. ஒரு தரம் மட்டும் எண்டா மாலேயால திரும்பி வரேக்கப் புதுசா எடுத்துத்தான் கட்டுநாயக்காவால வெளிய வரலாம்.

கொக்குவில்_கிளி
பாத்தாச்சு, ரெண்டு தரம். எழுத்துத்தான் பிரச்சினை, போன மாசியில முடிஞ்சிட்டுது. ஆறு மாசம் தாண்டுது. ஒரு வருச நிபந்தனை வைச்சிருக்கிற ரிசோட், கிழக்குப் பக்க விலா, ஸ்பீட் போட் தூரம். இந்த மூண்டும் பொருந்தினா மாலைதீவு, இல்லாட்டி குச்சவெளி எண்டு வீட்டில பேசி முடிச்சிருக்கு. பெரியப்பா இன்னும் நெடுந்தீவிலதான் நிக்கிறார்.

நயினாதீவான்
பெரியப்பாவைப் பங்குனியில கூட்டிக்கொண்டு வாங்கோ. கடல் படுத்திருக்கும்.