கீழ்க்கடைவாய்ப் பல்லுக்கு எந்த மரப்பு ஊசி கேட்கும்?

வணக்கம். அம்மாவுக்குக் கீழ்க்கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை பாதியில் நிற்கிறது. லிடோகெயின் மரப்பு ஊசி போட்டு உதடு, நாக்கு எல்லாம் மரத்துவிட்டது. ஆனாலும் பல்லில் கருவி பட்டதும் துடித்துப்போய் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், பாவம். பல் வேர் அழற்சி அதிகமானால் மருந்து சரியாகப் பிடிக்காதாம். 4% ஆர்ட்டிகெயின் என்ற இன்னொரு மரப்பு மருந்து எலும்புக்குள் நன்றாக ஊடுருவும், பல்லருகிலேயே கூடுதலாகப் போடலாம் என்கிறார்கள்.

அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு வேறு. மரப்பு நீடிக்க அட்ரினலின் கலந்த ஊசி என்றாலே எனக்குப் பயமாக இருக்கிறது. அது இல்லாத 3% மெபிவெகெயினில் மரப்பு சீக்கிரம் இறங்கிவிடும். வேர் சிகிச்சைக்குப் போதுமா?

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் எந்த ஊசி கேட்டது? சிங்கப்பூரில் ஈசூன், உட்லண்ட்ஸ் பக்கம் தமிழில் பொறுமையாக விளக்கும் பல் டாக்டர் இருந்தாலும் சொல்லுங்கள். அடுத்த வாரம் மறுபடி போகணும்.