கொடைக்கறியை உடனே ஃப்ரீசரில் வைத்தால் ஏன் ரப்பராகுது?

வள்ளியூர்க்காரன்:
சுடலைமாடன் கோயில் கொடைவிழாவுல கெடா வெட்டி, அரை மணி நேரத்துல அண்டாவுல ஏறுற கறி மெத்துனு வெந்துருது. அதே தொடையில பங்கு பிரிச்சு, துண்டு போட்டு, சூடு ஆறுமுன்னே ஃப்ரீசரில் வைக்கிற கறி மறுநாள் எட்டு விசில் விட்டாலும் இழுக்கு. உருகும்போது ரத்தத் தண்ணியும் நெறைய வடியுது. லாக்டிக் அமிலம் சேர்ந்து தசை இறுகிருதுன்னு சொல்லுதாவ. சரிதானா?

தசைநார்:
அமிலம் இல்லை அண்ணாச்சி, தசைக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு தீர்ந்துபோவதுதான். தசை இழையில் மையோசின், ஆக்டின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. மையோசின் தலை ஆக்டினைப் பிடித்து இழுத்த பிறகு, புதிதாக ஒரு ஏடிபி வந்து ஒட்டினால்தான் பிடியை விடும். அந்த ஏடிபி உடையும்போதுதான் தலை அடுத்த இழுப்புக்கு நிமிரும். ஏடிபி வராவிட்டால் பிடித்த பிடி அப்படியே நின்றுவிடும். விறைப்பு அதுதான்.

வெட்டியதுமே ஏடிபி தீராது. தசையில் இருப்பாக உள்ள கிரியேட்டின் பாஸ்பேட் கொஞ்ச நேரம் ஈடுகட்டும், பிறகு கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்து. அந்த நேரத்தில் பிஎச் அளவு (இறங்க இறங்க அமிலம் கூடுதல்) 7-இல் இருந்து 5.5 பக்கம் இறங்குவதைப் பார்த்துத்தான் அமிலத்தின் மேல் பழி போடுகிறார்கள். பட்டினியோடு அலைக்கழித்த ஆட்டில் கிளைக்கோஜன் குறைவு. பிஎச் 6-க்கு மேலேயே நிற்கும். ஆனாலும் விறைப்பு சீக்கிரமே வந்துவிடும்.

அண்டாவில் ஏறிய கறி விறைப்புக்கு முந்தியது. அதனால்தான் மெத்தென்று இருக்கிறது.

பாளை_இறைச்சியியல்:
ஃப்ரீசர் கறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏடிபி மிச்சமிருக்கும்போதே தசை 10 டிகிரிக்குக் கீழே போனால், கால்சியத்தைச் சார்கோபிளாச வலைக்குள் (தசை செல்லின் கால்சியக் கிடங்கு) இறைக்கும் பம்பு மந்தமாகிவிடும். வெளியே தேங்கும் கால்சியம் ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்ட, ஆக்டினை மறைத்திருக்கும் ட்ரோபோமையோசின் விலகி, மையோசின் அதைப் பிடிக்க வழி விடும். இழுக்க ஏடிபியும் கையில் இருக்கிறதே! 1963-இல் லாக்கர், ஹேக்யார்ட் என்ற ஆய்வாளர்கள் மாட்டுத் தசையில் அளந்தார்கள்: 14–19 டிகிரியில் சுருக்கம் மிகக் குறைவு, 0 டிகிரியில் நீளம் ஏறத்தாழப் பாதி.

உறைந்துவிட்டால் இன்னும் மோசம். பனிப்படிகம் அந்த வலையையே கிழித்துவிடும். உருகும்போது கால்சியம் மொத்தமாகக் கொட்டி, துண்டு கடுமையாகச் சுருங்கும். இழைகள் நெருங்கியதும் இடையில் இருந்த நீர் வெளியே வந்துவிடும். நீங்கள் பார்த்த ரத்தத் தண்ணி அதுதான். துண்டு போட்டதும் சேர்ந்து கெடுத்தது. எலும்போடு இருக்கும் தசையை இரு முனையும் கட்டிப்போட்டிருக்கும், துண்டுக்கு அந்தத் தடை இல்லை. குளிரும் சீக்கிரம் ஏறும்.

வள்ளியூர்க்காரன்:
இந்த வெயில்ல வெளிய வைக்க முடியாதே. மிச்சக் கறிய என்னதான் செய்ய?

பாளை_இறைச்சியியல்:
வெளியே வேண்டவே வேண்டாம். தொடையை எலும்போடு முழுசாக, ஃப்ரீசரில் இல்லாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் 4 டிகிரியில் வையுங்கள். முழுத் தொடையின் உள்பக்கம் மெதுவாகத்தான் குளிரும். அந்த இடைவெளியில் ஏடிபி தீர்ந்துவிடும். ஒரு நாள் முழுக்க இருக்கட்டும். அதற்குள் தசையிலேயே இருக்கும் கால்பெய்ன் நொதியும் இழைகளின் இணைப்புகளை அறுக்கத் தொடங்கியிருக்கும். பிறகு துண்டு போட்டு உறைய வைக்கலாம். கறியை வெட்டிய பரப்பில் தசை இன்னும் துடிக்கிறதா? ஃப்ரீசர் பக்கமே போகாதீர்கள்.

தசைநார்:
ஏற்கெனவே சுருங்கிய கறியை நாள் கணக்கில் ஃப்ரிட்ஜில் வைத்தும் பெரிய பலன் இல்லை. கிலோவுக்கு ஒரு கரண்டி பச்சைப் பப்பாளி விழுதைப் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். அதிலுள்ள பப்பாயின் என்ற நொதி புரதத்தையே வெட்டும். அதற்கு மேல் ஊறினால் கறி மாவாகிவிடும்.