ரங்கூன், தாம்வே பெரியவீடு குடும்பக் குழு: காவடி யார் எடுப்பது?

சரோஜா அத்தை: வேலுவுக்குக் காலில் அடியாம். பூசத்துக்கு ஆறு நாள்தான் இருக்கிறது. காவடி யார் எடுப்பது?

பாபு: அடி இல்லை அம்மா. மாமா பையன்களோடு சின்லோன், அந்தப் பிரம்புப் பந்தைக் காலால் தட்டும் ஆட்டம், விளையாடியிருக்கிறார். 52 வயதில்.

வேலு சித்தப்பா: 51

வேலு சித்தப்பா: பந்துக்கு எகிறினேன். பின்னாலிருந்து யாரோ கெண்டைக்காலில் கல்லெறிந்த மாதிரி இருந்தது. திரும்பினால் யாரும் இல்லை. இப்போது நடக்கிறேன். காவடி நான்தான்.

தங்கராசு மாமா: கடன் கொடுத்தவன் எவனாவது இருந்திருப்பான், நன்றாகப் பார்

பெரியம்மா: நரம்பு பிசகியிருக்கும். நல்லெண்ணெய் காய்ச்சி அழுத்தி நீவு தம்பி

மீனா (சிங்கப்பூர்): ஐயோ நீவ வேண்டாம் பெரியம்மா!! சித்தப்பா, வலி உள்பக்கமா வெளிப்பக்கமா?

வேலு சித்தப்பா: உள்பக்கம். கொஞ்சம் நீலம் பாரித்திருக்கிறது

மீனா (சிங்கப்பூர்): சதை கிழிந்த மாதிரிதான் தெரிகிறது. கெண்டைக்காலில் மேலே இரட்டைத் தலைச் சதை, அதற்கு அடியில் சோலியஸ் என்ற சதை. மேல் சதை தொடை எலும்பிலேயே தொடங்குகிறது. சோலியஸ் முழங்காலுக்குக் கீழேதான். இரண்டும் ஒரே குதிகால் தசைநாணில், அதாவது சதையை எலும்போடு கட்டும் நாரில், போய்ச் சேர்கின்றன. முழங்காலை நீட்டினால் மேல் சதை இழுபடும், சோலியஸுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டுக்கும் நடுவே சவ்வு. எகிறும்போது பெரும்பாலும் கிழிவது மேல் சதையின் உள்தலை, தசைநாணோடு சேரும் இடத்தில்.

தங்கராசு மாமா: ஆரம்பித்துவிட்டாள்

பாபு: எந்த சவ்வு?

மீனா (சிங்கப்பூர்): ஆட்டுக்கறி நறுக்கும்போது கத்திக்கு அடங்காமல் வெள்ளையாக வருமே, அது

பெரியம்மா: விரத நேரத்தில் கறிப் பேச்சு எதற்கு

மீனா (சிங்கப்பூர்): மன்னித்துக்கொள்ளுங்கள் பெரியம்மா. ஆனால் அது வெறும் உறை இல்லை. சதை நார்களில் பல நடுவிலேயே முடிந்துவிடும். அவற்றின் இழுப்பு பக்கவாட்டில் சவ்வுக்குப் போய்த்தான் தசைநாணைச் சேர வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் பீட்டர் ஹுயிஜிங் குழுவினர் எலிக்காலில் அளந்தார்கள். ஒரே சதையின் மேல் முனையில் ஒரு விசை, கீழ் முனையில் வேறு விசை. மிச்சம் பக்கத்துச் சதைக்கும் சுற்றியுள்ள சவ்வுக்கும் போகிறது. 2008-ல் பூனையின் சோலியஸில் பார்த்தபோது, சாதாரண நிலையில் அப்படிப் போவது சொற்பம்தான். ஆனால் தசைநாணை அறுத்த பிறகும் அந்தச் சதை கணுக்காலை இழுத்தது.

பெரியம்மா: பூனையை அறுத்தார்களா, முருகா

வேலு சித்தப்பா: அப்போ பக்கத்துச் சதை தாங்கும். எடுக்கலாம்.

மீனா (சிங்கப்பூர்): தலைகீழாகப் புரிந்துகொண்டீர்கள் சித்தப்பா. மற்ற சதைகளும் அதே தசைநாணை இழுப்பதால்தான் நடக்க முடிகிறது. கிழிந்தது ஆறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. பாரத்தோடு முழங்காலை நீட்டிப் படி ஏறினால் மறுபடி கிழியலாம். ஸ்கேன் எடுங்கள். கால் வீங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், ரத்தக்கட்டியாகவும் இருக்கலாம்.

தங்கராசு மாமா: இந்த சவ்வு நம் சரோஜா மாதிரி. எவன் வீட்டில் இழுபறி என்றாலும் இவள் நடுவில் இருப்பாள்

பெரியம்மா: சரோஜா என்றதும் ஞாபகம் வந்தது. பெரிய அண்டா எங்கே? பால் காய்ச்ச வேண்டும்

சரோஜா அத்தை: விபிஎன் இணைப்பு அறுந்துகொண்டே இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் அண்ணி

பெரியம்மா: இரண்டு வருடமாக இதே பதில்

வேலு சித்தப்பா: பாபு எடுப்பானா?

பாபு: நேற்று மொஹிங்கா சாப்பிட்டேன் மாமா

பெரியம்மா: மீன் சாப்பிட்டாயா? விரதத்தில்?

பாபு: மீன்தான் பெரியத்தை, மொஹிங்காவில் வேறென்ன இருக்கும்

வேலு சித்தப்பா: நேர்ந்துகொண்டவன் நான். காவடி வேண்டாம் என்றால் பால்குடமாவது எடுப்பேன்

மீனா (சிங்கப்பூர்): பால்குடமும் பாரம்தான்!!

தங்கராசு மாமா: 2009-ல் காவடியைப் பாதி வழியில் இறக்கியது யார் என்று நான் சொல்ல மாட்டேன்

வேலு சித்தப்பா: அன்றைக்கு வெயில், மாமா. சாலையில் தார் உருகியது.

மீனா (சிங்கப்பூர்): சித்தப்பா, ஸ்கேன்?

வேலு சித்தப்பா: பார்க்கலாம். இங்கே கரண்ட் வரட்டும்.

பெரியம்மா: அண்டா